தலைக்குக் கவசம் கொடுத்த டாக்டர்... கழுத்துக்கு? - ஹியூ கெய்ர்ன்ஸ் வாழ்க்கைக் கதை

ஜனவரி 28-ம் தேதி மேட்டூர் அணையை மூடுவதும், ஜூன் 12-ம் தேதி திறப்பதும் டெல்டாவின் வழக்கமான காலண்டர். நடுவுல இருக்கிற அந்த நாலரை மாசத்துல ஊரே வேற மாதிரி ஆயிடும். சம்பா அறுவடை முடிந்த வயல்கள் வெடிச்சுக் கிடக்கும். வாய்க்கால்கள் காய்ஞ்சிருக்கும். கொள்ளிடத்தில் கண்ணுக்கு எட்டின தூரம் மணல். தண்ணி ஓடும்போது போக முடியாத இடத்துக்கெல்லாம் இப்போ பைக் போகும். திருவையாறு, பாபநாசம், மன்னார்குடி பக்கமெல்லாம் பல இளைஞர்களுக்கு இதுதான் ஆஃப்-ரோடு சீஸன். வண்டியை ஆற்றங்கரையில் இறக்கி, வரப்பில் ஏற்றி, மண்மேட்டில் பறக்கவிட்டு ரீல்ஸ் எடுக்கிற காலம்.

அந்த ரீல்ஸில் ஒன்றைக் கவனிக்கலாம். ஹெல்மெட் இருக்கும். சிலரிடம் க்ளவுஸ் இருக்கும், முட்டிக்கு பேடும் இருக்கும். கழுத்தில் மட்டும் ஒரு கைக்குட்டையைத் தவிர ஒன்றும் இருக்காது. மண்டையைக் காப்பாற்ற ஒரு பொருள் வேணும் என்று நமக்குத் தெரிஞ்சிருக்கு. கழுத்தைப் பற்றி யாரும் யோசிக்கிறதே இல்லை.

மண்டையைக் காப்பாற்ற வேண்டும் என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்த சிலரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அதை எண்ணிக்கை போட்டு நிரூபித்தவர் ஒரு டாக்டர். அவர் வாழ்க்கையில் இரண்டு பிரபலமான நோயாளிகள் வந்தார்கள். ஒருவருக்குத் தலையில் அடி, இன்னொருவருக்குக் கழுத்தில். ரெண்டு பேருமே பிழைக்கலை. முதலாமவரின் மரணத்திலிருந்து உலகம் பாடம் கற்றுக்கொண்டது. இரண்டாவது பாடம் பைக் ஓட்டுறவங்ககிட்ட வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்த டாக்டர்தான் சர் ஹியூ கெய்ர்ன்ஸ்.

மரவேலைக்காரர் மகன்

1896 ஜூன் 26. தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்ற துறைமுக ஊரில் பிறந்தார் ஹியூ வில்லியம் பெல் கெய்ர்ன்ஸ். அப்பா ஸ்காட்லாந்திலிருந்து வந்த மரவேலைக்காரர். அம்மா இசை சொல்லிக்கொடுத்தவர். பையன் வளர்ந்தது ரிவர்டன் என்ற சின்ன ஊரில். சுற்றிலும் விவசாயம். நம்ம ஊரு மாதிரி நெல் இல்லை, கோதுமை.

படிப்பில் கெட்டிக்காரர். அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். முதல் உலகப் போர் வந்தபோது படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1915-ல் ராணுவ மருத்துவப் பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, கிரேக்கத் தீவான லெம்னோஸில் இருந்த ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1917-ல் டாக்டர் பட்டம். அதே வருஷம் ரோட்ஸ் உதவித்தொகையும் கிடைத்தது. மறுபடியும் போர்முனை, இந்த முறை பிரான்ஸ். போர் முடிந்த பிறகுதான் 1919-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரிக்குள் நுழைந்தார்.

அங்கே அவர் புத்தகப் புழுவாக மட்டும் இருந்துவிடவில்லை. நல்ல படகோட்டி. 1920-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடந்த புகழ்பெற்ற படகுப் போட்டியில் ஆக்ஸ்ஃபோர்டுக்காகத் துடுப்புப் போட்டார். அந்த வருஷம் ஜெயித்தது கேம்பிரிட்ஜ்தான். அடுத்த வருஷம் கல்லூரித் தலைவரின் மகள் பார்பராவைத் திருமணம் செய்துகொண்டார்.

லண்டன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பழகிக்கொண்டிருந்தவரின் பாதையை மாற்றியது 1926-ல் கிடைத்த ராக்கஃபெல்லர் ஆராய்ச்சி உதவித்தொகை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்ற மேதையிடம் போனார். மூளையைத் திறந்து ஆபரேஷன் செய்தால் நோயாளி பிழைப்பதே அபூர்வம் என்றிருந்த காலத்தில், அந்தத் துறையை ஒழுங்கான மருத்துவமாக மாற்றியவர் குஷிங். ரத்தக்கசிவை நிறுத்துவதில் பொறுமை, குறிப்பு எழுதுவதில் பிடிவாதம், ஒவ்வொரு நோயாளியின் கதையையும் கடைசி வரை தொடரும் பழக்கம் எல்லாம் கெய்ர்ன்ஸுக்கு அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. பின்னாடி ஹெல்மெட் விஷயத்தில் கைகொடுத்ததும் அந்தக் குறிப்பெழுதும் பழக்கம்தான்.

லாரன்ஸின் கடைசி ரைடு

டி.இ.லாரன்ஸ் என்றால் பலருக்குத் தெரியாது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்றால் தெரியும். 1962-ல் வந்த அந்தப் படமே ஒரு பைக் விபத்தில்தான் தொடங்கும். அரபுப் புரட்சியில் ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டிய அந்த வீரர், பின்னாளில் பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் சாதாரண வேலையில் இருந்தார். 1927-ல் அன்றைய இந்தியாவின் கராச்சிக்குக்கூட மாற்றலாகி வந்தார். அவருடைய பெரிய பைத்தியம், பைக். பிரஃப் சுப்பீரியர் என்ற, அன்றைக்கு ரொம்ப விலை உயர்ந்த வண்டியில் 7 வைத்திருந்தார், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. எட்டாவதுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தார்.

1935 மே 13. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. டோர்செட் பகுதியில் இருந்த தன் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் ஒரு தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். சாலை மேடும் பள்ளமுமானது. பள்ளத்தில் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது கடைசி நேரம் வரை தெரியவில்லை. ஒதுங்கப் பார்த்தார். வண்டி தடுமாற, ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்பட்டார். வண்டியை எடுத்துப் பார்த்தபோது இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டிருந்தது. அதாவது, பறந்துகொண்டு போகவில்லை.

தலையில் ஹெல்மெட் இல்லை. அந்தக் காலத்தில் யாருமே போடமாட்டார்கள். சிகிச்சைக்காக வரவழைக்கப்பட்ட நிபுணர்களில் ஒருவர் கெய்ர்ன்ஸ். செய்ய முடிந்தது எதுவும் இல்லை. 6 நாள் நினைவு திரும்பாமலே கிடந்து மே 19-ம் தேதி லாரன்ஸ் இறந்தார். வயது 46.

ஹெல்மெட் என்ற பொருளே அப்போது இல்லாமல் இல்லை என்பதுதான் இதில் வேதனை. பந்தய மைதானத்தில் டாக்டராக இருந்த எரிக் கார்ட்னர், கேன்வாஸ் துணியில் அரக்கு பூசி ஒரு ஹெல்மெட் செய்துகொடுத்தார். 1914-ல் ஐல் ஆஃப் மேன் டி.டி பந்தயத்தில் அது கட்டாயமும் ஆனது. பந்தயக்காரர்கள் 21 வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த ஒன்று, ரோட்டில் போகிற லாரன்ஸ்களின் தலைக்கு மட்டும் வந்து சேரவில்லை. ரேஸுக்குப் போறவனுக்குத்தானே அது, எனக்கு எதுக்கு என்ற எண்ணம் அன்றைக்கும் இருந்தது.

எண்ணத் தொடங்கினார்

லாரன்ஸ் மரணத்துக்குப் பிறகு கெய்ர்ன்ஸ் உடனே பேனா எடுத்து ஆவேசமாக எழுதிவிடவில்லை. விவரம் சேர்க்கத் தொடங்கினார்.

இதற்கிடையில் அவர் வேலையும் மாறியது. மோரிஸ் கார் கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபு, ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவப் படிப்புக்காக 1936-ல் 20 லட்சம் பவுண்டு கொடுத்தார். சைக்கிள் ரிப்பேரில் ஆரம்பித்து, பைக் செய்து, கார் செய்து பணக்காரர் ஆனவர் நஃபீல்டு. அந்தத் திட்டத்தின் பின்னால் முக்கியமாக உழைத்தவர் கெய்ர்ன்ஸ். 1937-ல் அங்கே முதல் நஃபீல்டு அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். வண்டி விற்ற காசில் உருவான பதவியில் உட்கார்ந்துகொண்டு, வண்டியிலிருந்து விழுந்தவர்களின் மண்டையை அவர் ஆராய்ச்சி செய்தார்.

1939-ல் இரண்டாம் உலகப் போர். பிரிட்டனில் இரவானால் விளக்கு கூடாது. வண்டிகளின் ஹெட்லைட்டையும் மூடி மறைக்க வேண்டும். அந்த இருட்டில் ராணுவத்தின் தகவல்களைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஓடியவர்கள் டெஸ்பாட்ச் ரைடர்கள். எதிரி குண்டுக்குத் தப்பியவர்கள் சொந்த ஊர்ச் சாலையில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1941 அக்டோபரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் கெய்ர்ன்ஸின் கட்டுரை வந்தது. போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் இறந்த பைக் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும் சேர்த்து 2,279 பேர் என்று அதில் கணக்கு இருந்தது. சாவுக்குப் பெரும்பாலும் காரணம் தலைக்காயம். அவர் பார்த்தவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் 7 பேர்தான். அந்த 7 பேருமே பிழைத்திருந்தார்கள்.

7 என்பது சின்ன எண்தான். அதை வைத்து முடிவாக ஒன்றும் சொல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால், ராணுவத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 1941 நவம்பரில் பணியில் இருக்கும் ராணுவ பைக் ஓட்டிகள் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. கெய்ர்ன்ஸ் அதோடு விடவில்லை. 1943-ல் ஹெல்மெட் போட்டு விழுந்தவர்களை மட்டும் தனியாக எடுத்து, உடைந்த ஹெல்மெட்டையும் உள்ளே இருந்த தலையையும் ஒப்பிட்டு இன்னொரு கட்டுரை. 1946-ல், போர்க்காலம் முழுவதற்குமான மரணக் கணக்கை வரிசையாகப் போட்டு மூன்றாவது கட்டுரை. உத்தரவுக்குப் பிறகு மரணங்கள் இறங்கியது அதில் பளிச்சென்று தெரிந்தது.

ஜெலட்டின் மூளை

இந்த வேலையில் அவருக்குத் துணையாக நின்றவர் டாக்டர் இல்லை, ஒரு இயற்பியல் ஆராய்ச்சியாளர். பெயர் ஹோல்பர்ன். ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து, அதைச் சடாரென்று சுழற்றிப் பார்த்தார். இலையில் வைத்த ஜெல்லியைத் திருப்பினால் எப்படி உள்ளுக்குள்ளே நெளியுமோ, அப்படி மூளையும் நெளியும் என்று காட்டினார். மண்டையோடு உடையாவிட்டாலும், தலை திடீரென்று திரும்பினாலே மூளை நரம்புகள் கிழிந்துபோகலாம்.

தலை திரும்புவது கழுத்தின் மேல்தானே? விழும் உடம்பையும் அடி வாங்கும் தலையையும் இணைக்கிற ஒரே பாலம், 7 எலும்புகள் கொண்ட கழுத்து. ஹெல்மெட் தலையில் விழும் அடியை வாங்கிக்கொள்ளும். தலை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் மடங்க வேண்டும் என்பதில் அதற்கு அதிகாரம் இல்லை.

போர் முழுக்க ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹியூஸ் பெண்கள் கல்லூரிதான் தலைக்காய மருத்துவமனையாக இருந்தது. 1940 முதல் 1945 வரை சுமார் 13,000 பேர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் வரை காத்திருக்காமல், மருத்துவமனையையே வேனில் ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பும் நடமாடும் குழுக்களையும் கெய்ர்ன்ஸ் உருவாக்கினார். 1943-ல் தன் அடிலெய்டு ஊர்க்காரரான ஹோவர்டு ஃப்ளோரியுடன் வட ஆப்பிரிக்காவுக்குப் போய், அப்போது புத்தம் புதிய மருந்தான பென்சிலினைப் போர்க்காயங்களில் சோதித்துப் பார்த்தார்.

ஜெனரலின் கழுத்து

போர் முடிந்தது. 1945 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் மான்ஹைம் அருகே ஒரு ராணுவ கார், திரும்பிய லாரி மேல் மோதியது. வேகம் ரொம்பக் குறைவு. டிரைவருக்குப் பெரிய அடி இல்லை. பின்சீட்டில் கூட இருந்தவருக்கும் அப்படித்தான். மூன்றாவது ஆளால் மட்டும் கை காலை அசைக்க முடியவில்லை. அவர் அமெரிக்க ஜெனரல் ஜார்ஜ் பாட்டன்.

பாட்டனின் போட்டோ எதைப் பார்த்தாலும் பளபளக்கிற ஹெல்மெட்டோடுதான் இருப்பார். தன் வீரர்கள் ஹெல்மெட் இல்லாமல் திரிந்தால் அபராதம் போட்ட ஆள். அவருக்கு உடைந்தது தலை இல்லை. முன்னால் தூக்கி வீசப்பட்டுத் தலை இடித்ததில் கழுத்து எலும்பு நகர்ந்து, தண்டுவடம் நசுங்கிவிட்டது. ஹைடல்பர்க் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்டவர் கெய்ர்ன்ஸ்.

தலையை இழுத்துப் பிடித்து எலும்பை இருந்த இடத்துக்குக் கொண்டுவர முயற்சி செய்தார்கள். எலும்பை நேராக்கலாம். நசுங்கிய தண்டுவடத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அன்றைக்கும் முடியாது, இன்றைக்கும் முழுசாக முடியாது. 12 நாள் கழித்து, டிசம்பர் 21-ம் தேதி பாட்டன் இறந்தார்.

லாரன்ஸ், பாட்டன் ரெண்டு பேரும் குண்டுகளுக்கு நடுவே வாழ்ந்து தப்பியவர்கள். ரெண்டு பேரும் சாதாரணச் சாலையில், பெரிய வேகம் இல்லாத வண்டியில் அடிபட்டார்கள். ரெண்டு படுக்கைகளுக்குப் பக்கத்திலும் நின்றவர் கெய்ர்ன்ஸ். முதல் படுக்கையிலிருந்து ஹெல்மெட் வந்தது. இரண்டாவது படுக்கையிலிருந்து உடனடியாக ஒன்றும் வரவில்லை.

தண்டுவடத்துக்கு ஒரு வாழ்க்கை

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஒரு வழியும் அதே ஆக்ஸ்ஃபோர்டு வட்டத்திலிருந்துதான் திறந்தது. ஹிட்லருக்குத் தப்பி 1939-ல் ஆக்ஸ்ஃபோர்டு வந்து சேர்ந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன், கெய்ர்ன்ஸின் துறையில்தான் வேலை பார்த்தார். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் தண்டுவடக் காயத்துக்கென்றே தனி வார்டு தொடங்கினார். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வந்து சீக்கிரமே செத்துப்போவார்கள் என்று கைவிடப்பட்டவர்களை வீல்சேரில் உட்கார வைத்து, வில் கொடுத்து அம்பு விடச் சொன்னார். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் 16 பேரோடு நடந்த அந்த வில்வித்தைப் போட்டிதான் பாராலிம்பிக்ஸின் விதை. 2016-ல் ரியோவில் நம்ம சேலத்து மாரியப்பன் தங்கம் வாங்கிய மேடைக்கு அங்கிருந்து ஒரு நேர்கோடு போடலாம்.

நம்ம டெல்டாவுக்கும் இந்தத் துறையில் ஒரு பங்கு இருக்கு. தமிழ்நாட்டில் மூளை நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பி.ராமமூர்த்தி. 1922-ல் சீர்காழியில் பிறந்தவர். அப்போது அது தஞ்சாவூர் மாவட்டம். இங்கிலாந்தின் நியூகாசிலில், தலைக்காயங்களைப் பற்றிப் பாடப்புத்தகமே எழுதிய ரோபாத்தம் என்பவரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவைத் தொடங்கினார். 2003-ல் மறைந்தார். தலையில் அடிபட்டால் சென்னைக்குக் கொண்டுபோனால் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை டெல்டா கிராமங்களுக்கு வந்ததில் சீர்காழிக்காரர் ஒருத்தருக்கும் பங்கு உண்டு.

32 வருஷம்

1946-ல் கெய்ர்ன்ஸுக்கு சர் பட்டம் கிடைத்தது. போருக்குப் பிறகும் ஓய்வெடுக்கும் ஆள் இல்லை. இளம் அறுவை சிகிச்சை நிபுணர்களைப் பயிற்சி கொடுத்து உலகம் முழுக்க அனுப்பிக்கொண்டே இருந்தார். புற்றுநோய் வந்து 1952 ஜூலை 18-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். வயது 56.

பிரிட்டனில் சாதாரண மக்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்ற சட்டம் அமலானது 1973-ல். ராணுவ உத்தரவிலிருந்து கிட்டத்தட்ட 32 வருஷம். கெய்ர்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட் வந்துவிட்டது. ஆனால், தமிழ்நாட்டில் அது உண்மையாகவே தலைக்கு ஏறியது, 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டிய பிறகுதான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008-ம் வருடத்து காக்ரேன் ஆய்வு, ஹெல்மெட் மரண வாய்ப்பை 42 சதவிகிதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவிகிதமும் குறைப்பதாகச் சொன்னது. கெய்ர்ன்ஸின் 7 பேர் சொன்னதும் இதைத்தான். அதே ஆய்வு, கழுத்துக் காயத்தை ஹெல்மெட் குறைக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றும் சொல்லிவிட்டது.

கழுத்துக்கு வந்த கவசம்

கழுத்துக் கதையின் அடுத்த அத்தியாயம் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. கிறிஸ் லியட் ஒரு டாக்டர், பைக் ஓட்டியும்கூட. 2001-ல் ஒரு ஆஃப்-ரோடு பந்தயத்தில் ஆலன் செல்பி என்ற ரைடர் இறந்ததை நேரில் பார்த்தார். தன் சின்ன மகனும் பைக் ஓட்ட ஆரம்பித்திருந்த நேரம் அது. அந்தப் பயத்தில் பிறந்ததுதான், இன்று ஆஃப்-ரோடு பந்தயங்களில் பார்க்கிற நெக் பிரேஸ். அதே 2001-ல் அமெரிக்காவில் டேல் எர்ன்ஹார்ட் என்ற கார் பந்தய நட்சத்திரம், தலை முன்னால் வெட்டி இழுக்கப்பட்டதில் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து இறந்தார். கார் பந்தயங்களில் ஹான்ஸ் என்ற கழுத்துப் பாதுகாப்புக் கருவி வேகமாகப் பரவியது அதற்குப் பிறகுதான். 2003-ல் ஃபார்முலா 1 அதைக் கட்டாயமாக்கியது.

நெக் பிரேஸ் எப்படி வேலை செய்யும்? தோள், மார்பு, முதுகு மேல் மாலை மாதிரி உட்கார்ந்திருக்கும் ஒரு கெட்டியான வளையம். சாதாரணமாகத் தலையைத் திருப்ப, குனிய, நிமிர இடம் இருக்கும். விழும்போது தலை அளவுக்கு மீறி எந்தப் பக்கம் மடங்கப் பார்த்தாலும், ஹெல்மெட்டின் விளிம்பு இந்த வளையத்தில் முட்டி நிற்கும். கழுத்துக்குப் போக வேண்டிய விசையின் ஒரு பகுதி தோளுக்கும் மார்புக்கும் இறங்கிவிடும்.

இதில் தெரிஞ்சுக்க வேண்டியவை சில உண்டு. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் இருந்தால்தான் பிரேஸ் வேலை செய்யும். பாதி ஹெல்மெட்டுக்கு முட்டி நிற்க விளிம்பே கிடையாது. அளவு சரியாக இருக்க வேண்டும். மார்புக் கவசம் போடுபவர்கள், இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கழுத்து வலிக்குத் தரும் ஸ்பான்ஜ் காலர் இதற்கு மாற்றே இல்லை. அது வலிக்கு ஆதரவு, விபத்துக்குக் கவசம் இல்லை. பிரேஸைப் பற்றி நிபுணர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு உண்டு. விசை தோள்பட்டை எலும்புக்கும் நடு முதுகுக்கும் போய் அங்கே காயம் வரலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போட்டால் ஒன்றும் ஆகாது என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். டாக்கர் ராலியில் 2021 முதல் பைக் ஓட்டிகளுக்கு ஏர்பேக் ஜாக்கெட் கட்டாயம் ஆனது. உடம்பின் மேல்பகுதியைக் காக்கும் வழிகள் இன்னும் வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

வரப்பில் என்ன நடக்கிறது?

ரோட்டில் விழுந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போவோம். வயலில் அப்படி இல்லை. டெல்டா களிமண் காய்ந்தால் கல்லு மாதிரி. அறுவடை மெஷினின் பெல்ட் தடம், முன்சக்கரம் சிக்கும் அளவுக்கு வெடிப்பு, திடீரென்று குறுக்கே வரும் வரப்பு, செடி மூடிய மதகு, தூர்வாரிக் கொட்டிய மண்மேடு... இதில் எதில் முன்சக்கரம் மாட்டினாலும் வண்டி நிற்கும், ஆள் நிற்க மாட்டார். லாரன்ஸ் போன மாதிரியே ஹேண்டில்பாருக்கு மேலே போய், தலைகீழாகத் தரையில் குத்துவார். உடம்பின் மொத்த எடையும் பின்னாலேயே வந்து கழுத்து மேல் இறங்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓட்டினேன் என்பது அந்த இடத்தில் சமாதானம் ஆகாது. பாட்டனின் காரும் மெதுவாகத்தான் போனது.

கழுத்தின் மேல்பகுதித் தண்டுவடத்திலிருந்துதான் மூச்சு விடும் தசைக்கு நரம்பு போகிறது. அங்கே நசுங்கினால் கை காலோடு மூச்சும் போகும். அதனால், கூட ஓட்டுபவர்கள் கத்துக்க வேண்டியதும் ஒன்று இருக்கு. விழுந்தவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முகத்தில் தண்ணி அடித்துத் தலையை ஆட்டாதீர்கள். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்ற வேண்டாம். ஒருவர் தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். வண்டி வரத் தாமதமாகுதே என்று டாடா ஏஸிலோ, பைக்கில் நடுவில் உட்கார வைத்தோ தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நம்ம ஊரில் அதிகம் நடக்கும். பாசத்தில் செய்வதுதான். ஆனால், எலும்பு மட்டும் உடைந்திருந்த கழுத்தில், தண்டுவடம் நசுங்குவது அப்படித் தூக்கும்போதும் நடக்கலாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

நெக் பிரேஸ் மலிவான பொருள் இல்லை. எக்ஸாஸ்ட் மாற்றவும், ஃபாக் லைட் போடவும், ஸ்டிக்கர் ஒட்டவும் எடுத்துவைக்கிற பணத்தில் முதல் பங்கு அதற்குப் போகட்டும் என்று சொல்லலாம். அதுவும் முடியாதவர்கள் வேகத்தையும் தாவலையும் குறைத்து, போகப்போகிற தடத்தை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு ஓட்டலாம். அதற்குக் காசு கிடையாது.

கழுத்துக் கவசத்துக்கு நம்ம ஊரில் சட்டம் எதுவும் இல்லை. 1935-ல் ஹெல்மெட்டுக்கும் இல்லை. ரேஸுக்குப் போறவங்களுக்கான பொருள் என்று அன்றைக்கு ஹெல்மெட்டைச் சொன்னார்கள், இன்றைக்கு பிரேஸைச் சொல்கிறோம். சட்டம் வருவதற்குள் 32 வருஷம் ஓடிவிட்டது என்பதை கெய்ர்ன்ஸின் கதை சொல்கிறது. அந்த இடைவெளியில் விழுந்தவர்களின் கணக்கில்தான் பின்னால் சட்டம் எழுதப்பட்டது. அடுத்த ஜூன் 12-க்குள் கொள்ளிடத்து மணலில் வண்டியை இறக்கப் போகிறவர்கள் அந்தக் கணக்கில் சேர வேண்டாம்.